துணை: இரண்டு

செவ்வாய் வெறுவாய் என்பார்கள்,
அன்றைக்குத்தான் எங்களுக்கு வண்டி.
பள்ளத்தூரில் மூன்றே முக்காலுக்கு எடுப்பேன்.
கோட்டையூர் வளைவில் நஸ்ரினும் அவள் அத்தாவும்.
கழனிவாசலில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி.
மற்றவள் வாசல்வரை வந்து
செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள்.
'உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே' என்று
எல்லோரும் சொல்லிவிட்ட பிள்ளை.
கடைசியாக, குன்றக்குடிச் சாலைப் புளியமரத்தடியில்
பொன்னழகியும் கபிலனும்.

டிரஸ்ட்டில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.
நோயாளி: ஒன்று. துணை: ஒன்று.
புறப்பட்ட கிலோமீட்டர், வந்துசேர்ந்த கிலோமீட்டர்.
நான் ஒன்பதாவதோடு சரி,
கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

முன்பு இதே வண்டியில்
கானாடுகாத்தானுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றினேன்.
தூண்களை எண்ணுவார்கள்,
தரையைக் குனிந்து படமெடுப்பார்கள்.
இப்போதும் வண்டிக்குள் எண்ணிக்கைதான்.
'கவுண்ட் ஏறிடுச்சா?'
ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லும் வணக்கம் அது.

சில சட்டங்கள் உண்டு, யாரும் எழுதிவைக்கவில்லை.
மல்லிகைப்பூ ஆகாது, குமட்டும்.
டீசல் போடும்போது கண்ணாடி ஏற்றிவிட வேண்டும்.
வாந்திக் கவர் என் சீட்டுக்குப் பின்னால்,
கேட்காமலே எடுக்கலாம்.
'எல்லாம் சரியாயிடும்' என்று
யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது.
இந்தக் கடைசிச் சட்டம் பொன்னழகி போட்டது.

திருப்பத்தூர் டீக்கடையில் பத்து நிமிடம்.
வரிசையாக இறங்கிய மொட்டைகளைப் பார்த்து
கடைக்காரர் ஒருநாள் கேட்டார், பிரியமாகத்தான்:
'எந்த முருகனுக்கு நேர்த்தி?
குன்றக்குடியா, பழனியா?'
நஸ்ரினின் அத்தா கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.
கபிலன் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சொன்னான்:
'மதுரை. மூணாவது மாடி.'

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு மட்டும்
பாலை இன்னொரு கொதி விட்டுத் தருகிறார்.
காசு வாங்கிக்கொள்வார்.
வாங்காமல் விட்டிருந்தால்
நாங்கள் வேறு கடை பார்த்திருப்போம்.

ஐப்பசியில் இரண்டு செவ்வாய் கபிலன் வரவில்லை.
மூன்றாவதுக்கு முன்னால் போன் வந்தது.
போனேன். பந்தலுக்குள் போகாமல் நின்றேன்.
வண்டிச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல,
யாரோ மெல்ல வாங்கி
என் சட்டைப்பையில் போட்டார்கள்.

காரியம் முடிந்த அடுத்த செவ்வாய், இருட்டில்,
அதே புளியமரத்தடியில் பொன்னழகி.
கையில் அதே ஒயர்கூடை.
நிறுத்தலாமா என்று நான் யோசிக்கும் முன்னே
கால் பிரேக்கில் இருந்தது.
நஸ்ரின் நகர்ந்து இடம் விட்டாள்.
மேலூர் தாண்டும்வரை ஒரு பேச்சில்லை.

அன்று புதிதாக வந்திருந்த தேவகோட்டைக்காரருக்கு
எந்த ஜன்னலில் சீட்டு முதலில் போடுவார்கள்,
காப்பீட்டு அட்டைக்கு எத்தனை நகல்,
ரத்தம் கொடுக்க வரும் கல்லூரிப் பையன்களை
வெறும் வயிற்றோடு படுக்கவிடக்கூடாது,
எல்லாம் அவள்தான் சொன்னாள்.
அவர் மகன் வழியில் ஓங்கரித்தபோது
திரும்பிப் பார்க்காமலே
என் சீட்டுக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்தாள்.

நோட்டில் என்ன எழுதுவது?
நோயாளி இல்லாமல் துணை ஏற முடியாது.
தேவகோட்டைப் பையனுக்கு நேரே
'துணை: இரண்டு' என்று போட்டேன்.
மாதக் கடைசியில் அலுவலகத்துச் சிகப்பி மேடம்
விரல் வைத்துக் கேட்டார்.
சொன்னேன்.
'ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டாரே' என்றார்.
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
அடித்தும் விடவில்லை.

திரும்பும்போது பொன்னழகி
புளியமரத்தில் இறங்குவதில்லை.
கழனிவாசல் வரை வருகிறாள்.
காலையில் மாட்டிய செருப்பை
இன்னும் கழற்றாமல் நிற்கும் அந்த மற்றவளிடம்
கூடைக்குள் துழாவி
எதையாவது கொடுத்துவிட்டுக் கேட்கிறாள்:
'இன்னைக்கு நீ என்ன செஞ்சே?'
பிள்ளை சொல்லச் சொல்ல, நேரமாகிறது.
நான் எஞ்சினை அணைத்துவிடுகிறேன்.

அங்கிருந்து அவள் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர்.
அதையும் நோட்டில் ஏற்றியிருக்கிறேன்.